படத்தோடு வராத குறிப்பு

சில காலமாக எனக்குள் ஒரு சங்கடம் இருந்து வருகிறது. வன்னிக் காட்டுக்குள் கிடக்கும் ஒரு கற்றூணோ, பாசி பிடித்த படிக்கட்டோ, கூரை இழந்த பழைய மடமோ கைத்தொலைபேசித் திரையில் தோன்றும்போதெல்லாம், கண்ட மகிழ்ச்சி மனத்தில் ஊன்றுவதற்கு முன்னரே, இதை யார் எடுத்தார், எப்போது எடுத்தார், எத்தனை கை மாறி என்னிடம் வந்து சேர்ந்தது என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அந்த மகிழ்ச்சியைக் கலைத்துவிடுகின்றன. 2005-ஆம் ஆண்டிலே தொண்டர்கள் சிலரின் முயற்சியாக ஆரம்பித்த ‘நூலகம்’, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றி, பின்னர் ஒளிப்படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்குமென ‘ஆவணகம்’ என்ற தளத்தையும் அமைத்தபோது, ஒவ்வோர் இடப்பெயர்விலும் ஒவ்வொரு பெட்டியாகப் புத்தகங்களையும் படங்களையும் வழியிலே விட்டுவந்த வன்னி மக்களுக்குக் கிடைத்த ஆறுதல் கொஞ்சமன்று. அந்த ஆறுதல் எனக்கு இன்றும் குறையவில்லை. என் சங்கடமெல்லாம் அங்கிருந்து எடுத்துச் செல்லும் நம்மைப் பற்றியது. ஒரு படத்தின் கீழே எடுத்தவர், திகதி, இடம், உரிமை, விவரணம் என்று நான்கைந்து வரிகள் எழுதப்பட்டிருக்கின்றன. படத்தைப் பகிர்கிற முதற் கணத்திலேயே அவை உதிர்ந்து போகின்றன. திரையை அப்படியே பிடித்து, ஓரங்களை வெட்டி, மேலே தன் அபிப்பிராயத்தை ஒரு வரியில் எழுதி அனுப்புகிறார் ஒருவர். அடுத்தவர் அந்த ஒரு வரியையே படத்தின் வரலாறாக எண்ணிக்கொள்கிறார். இவ்வளவும் தீய நோக்கமின்றி, பெரும்பாலும் ஊர்ப்பற்றின் உந்துதலாலேயே நடக்கிறது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

2021 ஜனவரியில், முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்புக் குளத்தை அண்டிய குருந்தூர்மலையில், இராஜாங்க அமைச்சர் ஒருவரின் முன்னிலையில், இராணுவத்தினர் சூழ, தொல்பொருள் திணைக்களம் அகழ்வைத் தொடங்கியது. சிறிது காலத்தில், எட்டுப் பட்டை தீட்டிச் செதுக்கிய ஒரு கல்லின் படம் எல்லார் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது. பல்லவர் காலத்துத் தாராலிங்கம், அதாவது பட்டை வைத்த சிவலிங்கம் என்றனர் ஒரு சாரார். தூபியொன்றின் உறுப்பு என்றனர் மறுசாரார். இரு சாராருக்கும் அந்த ஒரே படமே பிரமாணமாயிற்று. எனக்கு வந்த பிரதிகளில் அளவுகோல் இல்லை, வடக்கைக் காட்டும் அம்பு இல்லை, அக்கல் எந்த மண்ணடுக்கில் எதன் அருகே எப்படிக் கிடந்தது என்பதைச் சொல்லும் ஒரு சொல்லும் இல்லை. எட்டுப் பட்டை என்ற வடிவமோ சிவலிங்கத்தின் நடுப்பாகத்திலும் உண்டு, அநுராதபுரத்துத் தூண்களிலும் உண்டு, தூபியின் உள்ளே நாட்டப்படும் யூபக் கல்லிலும் உண்டு. வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கல்லுக்குச் சமயம் சொல்வதென்பது, குரலை மட்டும் கேட்டு ஒருவரின் குலம் கோத்திரத்தைச் சொல்வதற்குச் சமானம். ஆயினும் நாம் சொன்னோம்; அவர்களும் சொன்னார்கள். தமிழர் பௌத்தராயும் சமணராயும் இருந்த காலங்கள் உண்டு என்பதை மணிமேகலையைக் கையிலெடுத்த எவரும் அறிவர். ஆகவே ஒரு மலையில் பௌத்தக் கட்டடம் இருந்தது என்பதாலேயே அது இன்னாருக்கு மட்டும் உரியது என்று ஆகிவிடாது, இல்லையென்று மறுத்துத்தான் நம் உரிமையைக் காக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்தச் சர்ச்சையின் சத்தத்தில் அமுங்கிப் போனது வேறொரு விஷயம். 1933-இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 78 ஏக்கருக்கும் அப்பால் எல்லைக் கற்கள் நடப்பட்டபோது, தண்ணிமுறிப்புக் கமக்காரரின் வயல்கள் அவற்றினுள்ளே அகப்பட்டன. கல் லிங்கமாயினும் யூபமாயினும் அந்த வயலில் விதைப்பதா இல்லையா என்பதே அவர்களின் கவலை. படத்தைப் பகிர்ந்த ஆயிரம் பேரில் வயலின் படத்தைப் பகிர்ந்தவர் எத்தனை பேர்?

பழைய ஆவணங்களின்பால் நாம் காட்டும் பக்தியும் இத்தகையதே. ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில உத்தியோகத்தர் 1895-இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு இன்று எவரும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கிறது. குளங்கள், அணைக்கட்டுகள், துருசுகள், காட்டுக்குள் கைவிடப்பட்ட ஊர்கள், தெய்வங்கள், சடங்குகள் என்று அந்த மனிதர் கண்டு எழுதாதது மிகச் சிலவே. அவ்வகையில் நாம் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். ஆனால் வரி இறுக்கவும் நிலம் அளக்கவும் வழக்குத் தீர்க்கவும் வந்த ஓர் ஆட்சியின் கண்ணால் அவர் பார்த்தார் என்பதை மறந்துவிட்டு, வேண்டிய ஒரு வாக்கியத்தை மட்டும் கத்தரித்து எடுத்தால், எந்தக் கட்சிக்காரருக்கும் வேண்டியது அந்நூலில் அகப்படும். தேடும் வசதியே இந்த ஆபத்தைப் பெருக்கிவிட்டது. முன்பு ஒரு வரியைக் கண்டுபிடிக்க நூறு பக்கங்களைப் புரட்டியவர், அந்த நூறு பக்கங்களிலும் தமக்கு ஒவ்வாத எத்தனையோ செய்திகளைப் போகிற போக்கில் படித்துத் தம் கருத்தைச் சற்றேனும் தளர்த்திக்கொண்டார். இன்று பெட்டியில் பெயரை இட்டவுடன் வரி வந்து நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை வருவதில்லை.

ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், கற்சிலைமடுவிலே ஒரு நடுகல் உண்டு. 1803 அக்டோபர் 31-ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் என்பவர் பண்டாரவன்னியனை இவ்விடத்துக்கு அண்மையில் தோற்கடித்தார் என்பது அதில் ஆங்கிலத்தில் வெட்டப்பட்ட செய்தி. அவ்வாண்டு ஆகஸ்டிலே முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி வெள்ளையரை விரட்டிய வன்னிச் சிற்றரசன் அவன் என்பதைப் பற்றி அந்தக் கல்லில் ஓர் எழுத்தும் இல்லை. வென்றவர் வைத்த கல் வென்றவரின் செய்தியைச் சொல்வதில் வியப்பும் இல்லை. வியப்பெல்லாம், நம்மவர் அந்தக் கல்லையே அவனுடைய ஞாபகச் சின்னமாக ஏற்று, மாலையிட்டு, கற்பூரம் கொளுத்தி, அதன் அர்த்தத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டதில்தான். இனி ஒருவர் அக்கல்லைப் படம் பிடித்து ஆவணகத்தில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் கீழே அவர் என்ன எழுதுவார்? கல்லில் உள்ளதை உள்ளபடி எழுதினால் தோல்வியின் அடையாளமாகவே அது உலகத்துக்குப் போகும். மாலையிட்டவர்களின் எண்ணத்தை மட்டும் எழுதினால், கல்லை யார் வைத்தார் என்ற உண்மை மறைந்துபோகும். இரண்டையும் எழுதலாம்; எழுதத்தான் வேண்டும். அதற்கு நான்கு வரி போதாது, பத்து வரி ஆகும். பத்து வரிக் குறிப்பை யாரும் படத்தோடு பகிர்வதில்லை. அவசரக் குறிப்பு எழுதுவோருக்கு ‘பண்டாரவன்னியன் நினைவுக்கல்’ என்ற இரண்டு சொற்களோடு காரியம் முடிந்துவிடுகிறது. வவுனியாக் கச்சேரி முன்றலில் நிற்கும் அவனுடைய சிலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது நம்மவர் நம் விருப்பப்படி சமைத்தது. ஆதலால் படத்தில் பார்க்கவும் அது சற்று ருசி குன்றியே இருக்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கிளிநொச்சியின் தண்ணீர்த் தாங்கியையும் இங்கே நினைக்கிறேன். 2009 ஜனவரி 2-ஆம் திகதி இராணுவம் நகரைக் கைப்பற்றியபோது அது அடியோடு சரிந்து கிடந்தது. அதன்பின் தெற்கிலிருந்து வந்த பயணிகள் அதன் முன்னே நின்று குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். சரிந்த தாங்கியின் படங்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன. அது நிமிர்ந்து நின்று, ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த சாதாரண நாளொன்றில் எடுத்த படத்தை நான் தேடிய அளவில் காணவில்லை. உபயோகத்தில் இருக்கும் ஒரு தண்ணீர்த் தாங்கியை யார்தான் படம் எடுப்பார்கள்? இதிலே யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இணையத்தில் இருப்பதைக் கொண்டு மட்டும் வன்னியை அறிய முற்படும் ஒரு பிற்காலத்து மாணவன், இந்தப் பிரதேசம் இடிந்த நிலையிலேயே பிறந்தது என்று எண்ணிவிடக்கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு.

இடத்தைக் குறிப்பிடுவதா வேண்டாமா என்பது எல்லாவற்றிலும் கடினமான விஷயம். நெடுங்கேணிப் பக்கத்துச் சிறுகுளம் ஒன்றின் கட்டுக்குக் கீழே, பாலை மரத்தடியில், ஐயனார் என்று ஊரவர் கும்பிடும் ஒரு கல்லை ஒருமுறை பார்த்தேன். எண்ணெய் ஊறிக் கறுத்து, கற்பூரக் கரி படிந்து, முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது அது. பக்கத்தில் துருப்பிடித்த இரண்டு சூலங்கள். மேலே மழைக்கு ஒரு தகரம். கல்லைச் சுற்றிலும் இக்காலத்துச் செங்கல்லைப் போல இரண்டு மடங்கு அகலமான பழஞ் செங்கற் துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து பல்லைப் போல வெளித் தெரிந்தன. நான் தொலைபேசியை எடுப்பதைக் கண்டு, பொங்கல் பானைக்கு அடுப்புக் கல் அடுக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நிமிர்ந்து, “படத்தை எடுங்கோ தம்பி, அதுக்கென்ன. ஆனா இடத்தின்ரை பேரைப் போட்டிடாதேங்கோ. போட்டா ரண்டு பேர் வருவினம். ஒருதர் கிண்ட வருவார், மற்றவர் அளக்க வருவார்,” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பின் பக்கம் திரும்பிவிட்டார்.

கிண்ட வருபவரை நமக்குத் தெரியும். புதையல் தோண்டக் கருவிகளோடு வந்து அகப்பட்டவர்களைப் பற்றிய செய்தி வராத மாதம் குறைவு. விடுதலைப் புலிகள் புதைத்த தங்கம் என்று சொல்லி, நீதிமன்றத்தின் அநுமதியோடு முல்லைத்தீவில் நிலத்தைத் தோண்டி வெறுங்கையோடு போனவர்களும் உண்டு. அவர்களுக்குப் பழஞ் செங்கல் என்றால் அதன் அடியில் பொன் இருக்கிறது என்பதே பொருள். கைத்தொலைபேசியால் எடுக்கும் படத்தின் உள்ளே, இடம் குறிக்கும் வசதி இயங்கினால், அகலாங்கும் நெட்டாங்கும் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பகிர்வோரிற் பெரும்பாலோர் அறியார். ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டாலும் படம் தானே வழி சொல்லிவிடக்கூடும். தொல்பொருளின் பேரால் அளக்க வருபவரைப் பற்றியும் விஸ்தரிக்க வேண்டியதில்லை. அதே நெடுங்கேணிப் பக்கத்து வெடுக்குநாறிமலையிலே 2023 மார்ச்சில் விக்கிரகங்கள் உடைபட்டன. அடுத்த ஆண்டுச் சிவராத்திரி இரவில் வழிபட்டவர்களில் எட்டுப் பேர் கைதானார்கள். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இருக்கிற கல்லும் மிஞ்சாது. ஆனால் ஓரிடம் தொல்பொருள் ஆகிவிட்டால், அங்கே நேற்று வரை விளக்கு வைத்தவர் இன்று அத்துமீறியவர் ஆகிவிடுகிறார் என்ற அநுபவம் வன்னியில் உண்டு. அந்த முதியவரின் சில வாக்கியங்களுக்குள் இவ்வளவும் இருந்தன.

ஆயினும் மறைத்து வைப்பதுதான் வழியென்று என்னால் முடிவு கட்ட இயலவில்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானில், பூசை நின்று பூட்டிக் கிடந்த ஒரு சோழர் காலத்துக் கோயிலிலிருந்து நடராஜர் சிலை களவு போய், 2008-இல் அவுஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தால் பல இலட்சம் டொலர் கொடுத்து வாங்கப்பட்டது. அது அந்தக் கோயிலின் நடராஜர்தான் என்று நிறுவ உதவியவை, 1956-ஆம் ஆண்டு முதலாகத் தமிழ்நாட்டுக் கோயில்களைப் படம் பிடித்து வந்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படங்கள். 2014-இல் நடராஜர் திரும்பி வந்தார். கோயில் எது, படம் எடுத்தது எப்போது என்ற குறிப்பு அந்தப் படங்களோடு கூடவே இருந்தபடியால்தான் அது சாத்தியமாயிற்று. குறிப்பில்லாத படமாயிருந்தால், சோழர் காலத்து நடராஜர் ஒருவர் எங்கோ இருந்தார் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபித்திராது. இது போதாதென்று இன்னொரு நியாயமும் என்னை உறுத்துகிறது. நிலத்தைச் சுற்றி எல்லைக் கல் நடுபவரிடம் நில அளவைப் படம் இருக்கிறது, செய்மதிப் படம் இருக்கிறது, வர்த்தமானி இருக்கிறது. நம்முடைய ஆவணகத்தைப் பார்த்துத்தான் அவர் இடத்தை அறிய வேண்டும் என்றில்லை. நிலத்தை இழப்பவரிடம் இருப்பதோ, போரின் இறுதியில் முள்ளிவாய்க்கால் வரை நடந்த நடையில் உறுதியும் பேர்மிற்றும் தொலைந்துபோன பிறகு, ஒரு கலியாணப் படத்தின் பின்னணியில் தெரியும் வீட்டுச் சுவரும் கிணற்றுக் கட்டும் மட்டுமே. அந்தப் படத்தையும் இடம் சொல்லாமல் மறைத்து வைத்தால், மறைத்ததன் பலன் யாருக்குப் போகும்? ஆகவே எல்லாவற்றையும் மறை என்றும் எல்லாவற்றையும் திற என்றும் சொல்வோர் இருவரிடமிருந்தும் சற்று விலகியே நிற்கிறேன். பதிவு முழுமையாக இருக்க வேண்டும். ஆவணகத்தின் உள்ளே துல்லியமான இடமும் இருக்க வேண்டும். பொதுவில் காட்டும்போது, பிரதேசச் செயலாளர் பிரிவோடு நிறுத்திக்கொள்வதா, குளத்தின் பெயர் வரை போவதா என்பதை அங்கே விளக்கு வைப்பவர்களைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். காரியம் மெதுவாகத்தான் நடக்கும். நடக்கட்டும்.

பெயர்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. மேலே சொன்ன லூயிஸ் 1913-இல் இன்னொரு நூலும் வெளியிட்டார்: இலங்கையிலுள்ள கல்லறைகளிலும் ஞாபகச் சின்னங்களிலும் வெட்டப்பட்ட எழுத்துகளின் பட்டியல் அது. அதன் தலைப்பிலேயே ஒரு விசேஷம் உண்டு. ஞாபகக் கல் எதுவும் கிடைக்காத சிலரைப் பற்றிய இரங்கற் குறிப்புகளும் சேர்ந்தது என்று அவர் குறித்திருக்கிறார். அவர் இரங்கியவர்கள் பெரும்பாலும் அவருடைய இனத்தவரே. எனினும் கல் இல்லாதவருக்கும் ஒரு வரி வேண்டும் என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றியதே என்ற மதிப்பு எனக்கு உண்டு. விடுதலைப் புலிகளின் போராளிகளைப் புதைத்த, கிளிநொச்சி கனகபுரத்து மாவீரர் துயிலும் இல்லத்தின் கற்கள் போருக்குப் பின் இடித்துத் தள்ளப்பட்டன. 2016 முதல் மக்கள் அந்த உடைந்த கற்களைப் பொறுக்கி ஒன்றாய்க் குவித்து, ஒவ்வொரு நவம்பர் 27-இலும் விளக்கேற்றி வருகிறார்கள். இடிபடுமுன் அங்கே எடுத்த படங்கள் பலரிடம் இருக்கின்றன. ஒரு தாய்க்கு, தன் பிள்ளையின் பெயர் வெட்டிய கல் இந்த உலகத்தில் அந்தப் படத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். அதே படத்தில் பெயரும் ஊரும் திகதியும் தெளிவாகத் தெரிய, அதைப் பொதுவில் போட்டால், உயிரோடிருக்கும் குடும்பத்தின் வாசலுக்கு யார் வருவார்கள் என்பதை இங்கே வாழாதவர்கள் அத்தனை எளிதில் ஊகிக்க முடியாது. இத்தகைய படங்களை முகநூலில் இட்டதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானவர்கள் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பகிர்பவருக்கு அது ஓர் அஞ்சலி. விசுவமடுவில் அதைத் தொலைபேசியில் பெறுபவருக்கு அது விசாரணைக்கான ஒரு காரணம். லூயிஸ் பட்டியலிட்டவர்களுக்கு இந்தப் பயம் இருக்கவில்லை.

இணையத்தில் ஏறிவிட்டால் அழிவில்லை என்ற நம்பிக்கையும் நம்மிடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்த பின் வளர்ந்த தலைமுறைக்கு அந்த நம்பிக்கை தேவையாயிருந்தது என்பது உண்மைதான். ஆனால் 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளை யாரோ ஊடுருவித் தாக்கியபோது, அத்தனை பெரிய ஸ்தாபனத்தின் பட்டியலே மாதக் கணக்கில் எவருக்கும் கிடைக்கவில்லை. நம்மவர் நடத்தும் ஆவணகங்களோ நன்கொடையாலும் தொண்டர்களின் இரவு நேரங்களாலும் நடப்பவை. ஒரு படத்தின் குறிப்பு பிழையென்று கண்டவர் அதை அவர்களுக்கு எழுதித் தெரிவிக்காமல், தம் பக்கத்தில் அவர்களைப் பழித்து ஒரு பதிவு போட்டுவிட்டுப் போவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

வன்னியில் பழைய படங்கள் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஆவணகத்துக்குக் கொடுக்க நினைப்பவர்கள், கொடுக்கும் முன் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பென்சிலால் எழுதிவையுங்கள்: எடுத்த ஆண்டு, நின்று எடுத்த திசை, அப்போது அந்தக் காணியை யார் பாவித்தார்கள், அங்கே யார் விளக்கு வைத்தார்கள், எதைப் பொதுவில் காட்ட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஆண்டு நிச்சயமில்லையென்றால் நிச்சயமில்லை என்றே எழுதுங்கள். அங்கிருந்து எடுத்துப் பகிர்பவர்கள் அந்த வரிகள் முழுவதையும் படத்தோடு சேர்த்தே பகிருங்கள். அதற்கு இடம் போதாதென்றால் படத்தைப் பகிராமல் அது இருக்கும் பக்கத்தின் முகவரியை மட்டும் அனுப்புங்கள்.